கால்சியம் இறங்கியிருக்கிறது, பி.டி.எச். ஏறியிருக்கிறது: அடுத்து என்ன செய்வது?

வலிப்பு வந்த ஒரு பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கால்சியம் 6.4, பாஸ்பேட் 8.1, பாராதைராய்டு ஹார்மோன் எனப்படும் பி.டி.எச். 420. முதல் இரண்டும் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு; கடைசியது ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம். கால்சியம் 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். பி.டி.எச். ஏறக்குறைய 15 முதல் 65 வரை.

கால்சியம் இறங்கினால் பி.டி.எச். ஏறுவது உடலின் இயல்பு. அப்படி ஏறிய பி.டி.எச்., சிறுநீரகத்தைத் தூண்டிப் பாஸ்பேட்டை வெளியே தள்ளச் சொல்லும். ரத்தத்தில் பாஸ்பேட் குறையும். இந்த முடிவில் அது நடக்கவில்லை. ஹார்மோன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, சிறுநீரகம் திறக்கவில்லை. இதைத்தான் பி.டி.எச். எதிர்ப்புநிலை என்கிறோம். இந்தக் குழுவில் முதலில் அறியப்பட்ட நோய் சூடோஹைப்போபாராதைராய்டிசம். ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடைய சகாக்களும் 1942-இல் அதை விவரித்தார்கள். ஹார்மோன் போதிய அளவு இருந்தும் உறுப்பு அதற்குச் செவிசாய்க்காத நோய் உண்டு என்று மருத்துவம் கண்டுகொண்டது அப்போதுதான்.

இந்த வழிகாட்டி, இப்படியொரு முடிவை முதன்முறையாகப் பார்க்கும் இளம் மருத்துவருக்காக எழுதப்பட்டது. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோரும் படிக்கலாம். ஆனால் மருந்தளவுகளை மருத்துவர் இல்லாமல் கையாள வேண்டாம்.

முதலில் ரத்தம், பிறகு ஊசி

வலிப்பு, கைகால் இழுப்பு, குரல்வளை இறுக்கம், இ.சி.ஜி.-யில் க்யூ.டி. இடைவெளி நீட்சி ஆகியவற்றில் எது இருந்தாலும் நோயின் பெயரைத் தேட அது நேரமில்லை. கால்சியம் ஏற்ற வேண்டும். ஆனால் ஏற்றுவதற்கு முன்பே ஒருமுறை ரத்தம் எடுத்துவிடுங்கள்: கால்சியம், பாஸ்பேட், மெக்னீசியம், ஆல்புமின், கிரியேட்டினின், அல்கலைன் பாஸ்பட்டேஸ், பி.டி.எச்., 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும் ஹார்மோன். கால்சியம் உள்ளே போனதும் அது இறங்கத் தொடங்கிவிடும். பிறகு எடுத்த மாதிரியை வைத்து வாதாட முடியாது. அவசரத்தில் தவறவிட்ட இந்த ஒரு குழாய் ரத்தத்துக்காகப் பின்னால் மாதக்கணக்கில் அலைய நேரும்.

பெரியவர்களுக்கு 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 முதல் 20 மில்லிலிட்டரை, 50 முதல் 100 மில்லிலிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, 10 முதல் 20 நிமிடத்தில் ஏற்றுவது வழக்கம். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லிலிட்டர்; மொத்தம் 20 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாது, அதுவும் மெதுவாக. இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் இதயத்துடிப்பு விழும். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோல் வெந்து அழுகும், ஆகவே பெரிய ரத்தக்குழாயாகப் பாருங்கள். பைகார்பனேட்டோ பாஸ்பேட்டோ போகும் அதே குழாயில் கொடுத்தால் படிவம் கட்டிவிடும். மெக்னீசியம் குறைவாக இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றிய கால்சியம் நிலைக்காது.

முடிவு உண்மைதானா?

அடுத்த கேள்வி பரிசோதனைக் கூடத்தைப் பற்றியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த குழாயின் ரத்தம் சாதாரணக் குழாயில் சிறிது கலந்துவிட்டாலும் கால்சியம் பொய்யாக இறங்கிக் காட்டும், பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், குழாயில் இருப்பது அதன் பொட்டாசியம் உப்பு. நோயாளி நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, கால்சியம் 5, பொட்டாசியம் 8 என்று வந்தால் ஊசியைத் தொடுமுன் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

ஆல்புமினையும் பாருங்கள். ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே போகும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 சேர்த்துக் கணக்கிடுவது பழைய, எளிய முறை. அயனி கால்சியம் அளக்க வசதியிருந்தால் அதுவே மேல். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். சில இயந்திரங்களில் அது பி.டி.எச்.-ஐயும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.-ஐயும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இந்த நோயைத் தேடும்போது நமக்கு வேண்டிய துப்பே அந்த இரண்டும்தான்.

பாஸ்பேட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குழந்தைகளுக்கு இயல்பு அளவே பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்களின் 2.5 முதல் 4.5 என்ற வரம்பை வைத்துச் சின்னக் குழந்தையின் முடிவை அளந்தால் எல்லாக் குழந்தைக்கும் நோய் இருப்பதாகத் தோன்றும்.

மூன்று பேரை வெளியே அனுப்புங்கள்

பி.டி.எச். எதிர்ப்புநிலை அரிது. அதைப்போல் வேடமிடுபவை சாதாரணமாகக் கிடைப்பவை. மூன்றை ஒதுக்காமல் மரபணுப் பரிசோதனைக்கு எழுதக்கூடாது.

முதலாவது, சிறுநீரகச் செயலிழப்பு. அங்கும் கால்சியம் குறைவு, பாஸ்பேட் அதிகம், பி.டி.எச். அதிகம். கிரியேட்டினின் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வைட்டமின் டி குறைபாடு. பொதுவாக இதில் பாஸ்பேட் இறங்கியிருக்கும், அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருக்கும். ஆனால் கடும் குறைபாட்டில் சிறுநீரகமே தற்காலிகமாகப் பி.டி.எச்.-க்கு மந்தமாகி, பாஸ்பேட்டும் இறங்காமல் நிற்பதுண்டு. சூடோஹைப்போபாராதைராய்டிசத்தின் இரண்டாம் வகை என்று முன்பு பெயரிடப்பட்ட நோயாளிகளில் பலருக்கு இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். எனவே வைட்டமின் டி-யை நிரப்பிவிட்டு, சில வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி அளந்து பாருங்கள். குறைபாடு நீங்கியும் பி.டி.எச். இறங்கவில்லை என்றால்தான் அடுத்த படி.

மூன்றாவது, மெக்னீசியம். அது மிகவும் குறைந்தால் பி.டி.எச். சுரப்பதும் தடைபடும், சுரந்தது வேலை செய்வதும் தடைபடும்.

கையை மடக்கச் சொல்லுங்கள்

இனி நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும், முதலில் கை. கைவிரல்களை இறுக்கி மடக்கச் சொல்லுங்கள். புறங்கையில் நான்கு விரல் முட்டிகள் மேடாகத் தெரிய வேண்டும். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நேராக மேட்டுக்குப் பதில் குழி விழுந்தால், அங்கே உள்ளங்கை எலும்பு குட்டை. கட்டைவிரலின் நகத்தையும் பாருங்கள்: நுனி எலும்பு குறுகியிருந்தால் நகம் நீளத்தைவிட அகலமாக இருக்கும். ஐந்து, ஆறு வயதுக்கு முன்பு இந்த அடையாளங்கள் தெரியாமல் போகலாம். ஆகவே சின்னக் குழந்தையின் கை அழகாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று எழுதாதீர்கள். இடது கை எக்ஸ்-ரே எடுத்து, எலும்புகளின் நீளத்தை வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிடுவது நம்பகமான வழி. டர்னர் நோய்க்குறியிலும் நான்காவது எலும்பு குட்டையாகும் என்பதைப் பெண் பிள்ளைகளில் நினைவில் வையுங்கள்.

கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: குட்டை உருவம், வட்ட முகம், கைக்குழந்தைப் பருவத்திலேயே ஏறிய எடை, கற்றலில் தாமதம், தோலடியில் கல் போன்ற கட்டிகள். இந்தத் தொகுப்புக்கு ஆல்பிரைட் பரம்பரை எலும்புக்கோளாறு என்று பெயர். கட்டிகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வயிறு, தொடை, பாதம் எங்கும் இருக்கலாம். அரிசி அளவிலும் இருக்கும், தட்டையான பலகை போலவும் இருக்கும். உள்ளே இருப்பது கால்சியப் படிவம் அல்ல, உண்மையான எலும்பு. ரத்தத்தின் கால்சியம், பாஸ்பேட் அளவுகளுக்கும் அது உண்டாவதற்கும் தொடர்பில்லை. வலியோ அசைவுத் தடையோ இல்லாவிட்டால் அறுத்து எடுக்க வேண்டாம். அறுத்த இடத்தில் மறுபடி வளர்வதுண்டு.

தலை ஸ்கேனில் மூளையின் பேசல் கேங்லியாப் பகுதியில் வெள்ளைப் படிவங்கள் தெரிந்தால், இந்தக் கோளாறு நெடுநாளாகவே இருக்கிறது என்று பொருள். கண்புரையும் அதே கதைதான். பல்லும் துப்புச் சொல்லும்: தாமதமாக முளைக்கும், எனாமல் குறைந்திருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கால்சியம் பார்க்காமலே வலிப்பு நோய் என்று முத்திரை குத்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மருந்துகள் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைப்பதால் கால்சியம் இன்னும் இறங்கும், வலிப்பு இன்னும் வரும், மருந்தளவு இன்னும் கூடும். முதல் வலிப்பிலேயே ஒரு கால்சியம் பரிசோதனை செய்திருந்தால் அந்தப் பிள்ளை இந்தச் சுழலில் சிக்கியிருக்காது.

ஒரே பிழை, இரண்டு நோய்

மரபியலைப் புரிந்துகொள்ள, செல்லுக்குள் செய்தி போகும் வழியைப் பின்தொடருங்கள். பி.டி.எச். வந்து செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் ஒட்டுகிறது. ஏற்பி, ஜி.எஸ். ஆல்ஃபா என்ற புரதத்தை எழுப்புகிறது. அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுவப் பொருளைப் பெருக்குகிறது. அந்தத் தூதுவன் புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்கிவிட, செல் வேலையைத் தொடங்குகிறது. வேலை முடிந்ததும் தூதுவனை உடைக்க வேறு நொதிகள் இருக்கின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் ஒரு நோய் உண்டு. ஏற்பி முற்றிலும் பழுதானால் ப்ளூம்ஸ்ட்ராண்ட் எலும்புக்குறைபாடு. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கைனேஸின் ஒரு பகுதியைக் குறிக்கும் பி.ஆர்.கே.ஏ.ஆர்.1ஏ மரபணுவிலோ, தூதுவனை உடைக்கும் பி.டி.இ.4டி மரபணுவிலோ பிழை என்றால் அக்ரோடிசோஸ்டோசிஸ்: மூக்கு தட்டை, விரல்கள் எல்லாமே குட்டை. முதல் மரபணுவில் பிழை இருந்தால் ஹார்மோன் எதிர்ப்புநிலையும் சேர்ந்து வரும். இரண்டாவதில் அது பெரும்பாலும் இருக்காது.

பெரும்பாலான நோயாளிகளில் பழுது ஜி.எஸ். ஆல்ஃபாவில். அதற்கான மரபணு ஜி.என்.ஏ.எஸ்., 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. எலும்பு உட்படப் பெரும்பாலான திசுக்களில் இரண்டும் வேலை செய்கின்றன. சிறுநீரகக் குழலின் முதற்பகுதி, தைராய்டு, பிட்யூட்டரி, இனப்பெருக்கச் சுரப்பி ஆகிய சில இடங்களில் மட்டும் தந்தையின் பிரதி வாயடைத்துக் கிடக்கிறது. பேசுவது தாயின் பிரதிதான்.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். பிழை தாயின் பிரதியில் வந்தால், எலும்பில் பாதிப் புரதம் மிஞ்சும், அதனால் கை குட்டையாகும். சிறுநீரகக் குழலில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது, அதனால் ஹார்மோன் எதிர்ப்புநிலையும் வரும். இது 1ஏ வகை. அதே பிழை தந்தையின் பிரதியில் வந்தால், கை குட்டையாகும், ஆனால் சிறுநீரகம் தாயின் நல்ல பிரதியோடு சுகமாக இருக்கும். கால்சியம் இயல்பு, பி.டி.எச். இயல்பு. இதற்கு சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம் என்று பெயர். பெயரைப் பார்த்துச் சிரிப்பு வரலாம், ஆனால் ஆல்பிரைட் குழுவினர் 1952-இல் வைத்த அந்தப் பெயர்தான் இன்னமும் நிற்கிறது. தந்தை வழியாக வரும் சில பிழைகளில், தோலில் தொடங்கும் எலும்பு தசைவரை ஆழமாக ஊடுருவும் கடுமையான நோயும் வரும்.

1பி வகை இன்னும் நுட்பமானது. இங்கே ஜி.என்.ஏ.எஸ். மரபணுவின் எழுத்துகளில் பிழையே இல்லை. தாயின் பிரதியில் ‘ஏ/பி’ என்ற பகுதியில், எழுத்துகளின்மேல் ஒட்டும் மெத்தில் என்ற வேதி முத்திரை ஒன்று இருக்க வேண்டும். அது அழிந்துவிட்டால், தாயின் பிரதியும் தந்தையுடையதைப் போலவே நடந்துகொண்டு, சிறுநீரகக் குழலில் வாயடைத்துவிடும். மற்றத் திசுக்களில் புரதம் கிடைப்பதால் கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். குடும்பத்தில் தொடரும் 1பி-யில் அடிக்கடி காண்பது, பக்கத்திலிருக்கும் எஸ்.டி.எக்ஸ்.16 என்ற மரபணுவில் சுமார் 3,000 எழுத்துகள் விடுபட்டுப்போவது. குடும்பத்தில் யாருக்குமின்றித் தனியாக வருபவர்களில் சிலருக்கு, 20-ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதி இரண்டு பிரதியும் தந்தையிடமிருந்தே வந்திருக்கும்.

1சி என்று ஒரு வகையும் பழைய பட்டியலில் உண்டு. தோற்றத்தில் 1ஏ-தான், ஆனால் ஆய்வகத்தில் அளந்தால் ஜி.எஸ். ஆல்ஃபாவின் வேலை இயல்பாக வரும். 2016-இல் ஐரோப்பிய வல்லுநர் குழு, இவை அனைத்தையும் பி.டி.எச். செய்திப் பாதை செயலிழக்கும் நோய்கள் என்ற ஒரே குடையின்கீழ், மூலக்காரணப்படி எண்ணிட்டு வகுத்தது. 2018-இல் சர்வதேச வல்லுநர்களின் ஒருமித்த வழிகாட்டுதலும் வெளியானது. நடைமுறையில் இரண்டு பெயர்முறைகளும் புழங்குகின்றன. புதியவர்கள் 1ஏ, 1பி-யைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் போதும்.

மரபணுப் பரிசோதனையை எந்த வரிசையில் எழுதுவது

இங்கேதான் பணமும் காலமும் வீணாவது. எல்லா மரபணுவையும் ஒரேயடியாகப் படித்துவிடும் எக்ஸோம் பரிசோதனைக்கு அனுப்பி, "ஒன்றுமில்லை" என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். எக்ஸோம் எழுத்துகளைப் படிக்கும். மெத்தில் முத்திரையைப் படிக்காது. 1பி வகை அதன் கண்ணில் படவே படாது.

கை குட்டை, தோலடி எலும்பு, சிறுவயதுப் பருமன் இவை தெளிவாக இருந்தால் முதலில் ஜி.என்.ஏ.எஸ். மரபணுவில் எக்ஸான் எனப்படும் 13 பகுதிகளையும் படிக்கச் சொல்லுங்கள். பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் எக்ஸான் படிப்பதற்குக் கடினமானது. அது முழுமையாகப் படிக்கப்பட்டதா என்று ஆய்வகத்திடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், மெத்தில் முத்திரையைப் பார்க்கும் மெத்திலேற்றப் பரிசோதனை. தோற்றத்தில் ஒன்றுமில்லாமல் ஹார்மோன் எதிர்ப்புநிலை மட்டும் இருந்தால் வரிசையைத் திருப்பிப்போடுங்கள்: முதலில் மெத்திலேற்றம். ‘ஏ/பி’ பகுதியில் மட்டும் முத்திரை அழிந்திருந்தால் எஸ்.டி.எக்ஸ்.16 விடுபாட்டைத் தேட வேண்டும். எல்லாப் பகுதிகளிலும் மாறியிருந்தால் இரண்டு பிரதியும் தந்தையுடையதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வழியிலும் விடை கிடைக்காமல், விரல்கள் அனைத்தும் குட்டையாக இருந்தால் அக்ரோடிசோஸ்டோசிஸ் மரபணுக்களுக்குப் போகலாம். 1பி-யிலும் சிலருக்கு லேசான கைமாற்றம் இருப்பதுண்டு, ஆகவே முதல் பரிசோதனையோடு நின்றுவிடாதீர்கள்.

பழைய எல்ஸ்வர்த்-ஹோவர்ட் சோதனையில், பி.டி.எச்.-ஐ ஊசியாகக் கொடுத்துச் சிறுநீரில் பாஸ்பேட்டும் சைக்ளிக் ஏ.எம்.பி.-யும் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது அது அரிதாகத்தான் தேவைப்படுகிறது.

மருந்து

குறிக்கோள் மூன்று: கால்சியம் இயல்பில் இருக்க வேண்டும், பாஸ்பேட் வயதுக்குரிய வரம்பில் இருக்க வேண்டும், பி.டி.எச். இயல்பின் மேல்பாதியிலோ அதைச் சற்றுத் தாண்டியோ நிற்க வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறுநீரகக் குழல்தான் பி.டி.எச்.-க்குச் செவிடு, எலும்பு செவிடு இல்லை. கால்சியம் சரியாகிவிட்டது என்று பி.டி.எச்.-ஐ 300-இல் விட்டுவைத்தால் அது எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். கால்சியம் இயல்பாக இருந்தாலும், பி.டி.எச். இயல்பின் மேல்வரம்பைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் மருந்து தொடங்குவது நல்லது.

முதன்மை மருந்து கால்சிட்ரியால், அல்லது ஆல்ஃபாகால்சிடால். வைட்டமின் டி-யைச் செயல்வடிவமாக மாற்றுவது அதே சிறுநீரகக் குழல், பி.டி.எச்.-இன் ஆணை கேட்காததால் அந்த மாற்றம் நடப்பதில்லை. அதனால்தான் சாதாரண வைட்டமின் டி மட்டும் போதாது. பெரியவர்களுக்குக் கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் இரண்டு வேளை என்று தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து ஏற்றுவார்கள். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப.

கால்சியம் மாத்திரையில் எழுதியிருக்கும் எண்ணைக் கவனியுங்கள். 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் தனிக்கால்சியம் 500 மில்லிகிராம்தான். சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாகச் சேரும், சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட்டையும் கட்டிப்போடும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குக் கார்பனேட் சரியாகச் சேராது, சிட்ரேட் கொடுங்கள்.

1ஏ வகையில் தைராய்டு மாத்திரையும் பெரும்பாலும் உண்டு. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் லெவோதைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று மருந்தளவை ஏற்றுவதற்கு முன், இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுகிறார்களா என்று கேளுங்கள்.

சிறுநீரில் கால்சியம் வெளியேறுவது, பாராதைராய்டே இல்லாதவர்களைவிட இவர்களுக்குக் குறைவு. குழலின் பின்பகுதி இன்னும் பி.டி.எச்.-க்குக் கட்டுப்பட்டுக் கால்சியத்தைத் திரும்பப் பிடித்துவைக்கிறது. ஆனாலும் அளக்காமல் விட்டால் கல் வரலாம்.

மற்ற ஹார்மோன்களும் பிள்ளையின் வளர்ச்சியும்

1ஏ வகையில் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் டி.எஸ்.எச். எதிர்ப்புநிலைதான். பிறந்த குழந்தைப் பரிசோதனையிலேயே டி.எஸ்.எச். சற்று ஏறியிருக்கும்; கழுத்தில் வீக்கம் இருக்காது. பி.டி.எச். முதல் ஓரிரு ஆண்டுகள் இயல்பாகவே இருந்து, பிறகு ஏறும். அடுத்து பாஸ்பேட் ஏறும். கால்சியம் இறங்குவது கடைசியில். ஆகவே மரபணுப் பிழை உறுதியான குழந்தைக்கு ஒருமுறை ரத்தம் இயல்பாக வந்தால் நிம்மதியடைந்து விட்டுவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைவும் பலருக்கு இருக்கும். எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கொள்வதால் தாமதமில்லாமல் சோதிக்க வேண்டும். எடை ஏறுவதற்குப் பிள்ளையின் வாயைக் குறை சொல்லாதீர்கள். மூளையில் பசியை அடக்கும் பாதையும் இதே ஜி.எஸ். ஆல்ஃபாவை நம்பியிருக்கிறது, உடல் செலவழிக்கும் சக்தியும் குறைவு. பெற்றோரிடம் இதை நேரடியாகச் சொல்லுங்கள். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

குடும்பத்தாருக்கு என்ன சொல்வது

1ஏ உள்ள பெண்ணின் ஒவ்வொரு குழந்தைக்கும் பிழை கைமாற 50 சதவீத வாய்ப்பு. கைமாறினால் அதுவும் 1ஏ. அதே பிழை உள்ள ஆணின் குழந்தைக்கும் 50 சதவீதமே, ஆனால் வருவது ஹார்மோன் கோளாறு இல்லாத வடிவம். எஸ்.டி.எக்ஸ்.16 விடுபாடு தந்தையிடமிருந்து வந்தால் பிள்ளைக்கு நோய் வராது. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், அவள் வயிற்றில் பிறக்கும் குழந்தைக்கு வரலாம். அதனால் பாதிக்கப்படாத மகளையும் பதினெட்டு வயதில் அழைத்து உட்காரவைத்துச் சொல்லியாக வேண்டும். தனியாக வந்த மெத்திலேற்ற மாற்றத்தில், மறைந்த விடுபாடு ஏதுமில்லை என்று உறுதியானால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. ஜி.என்.ஏ.எஸ். பிழை பெற்றோரின் ரத்தத்தில் தெரியாவிட்டாலும், கருமுட்டையிலோ விந்துவிலோ மட்டும் ஒளிந்திருக்கும் சிறு வாய்ப்பு உண்டு.

கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் கால்சிட்ரியால் தேவை கூடவோ குறையவோ செய்யும். அந்த மாதங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கால்சியம் பாருங்கள். பிறந்த குழந்தைக்கும் முதல் வாரத்திலேயே கால்சியமும் டி.எஸ்.எச்.-உம் பாருங்கள். நோயாளி எங்கே போனாலும் கையில் ஒரு அட்டை இருக்கட்டும்: நோயின் பெயர், தினசரி மருந்தளவு, கடைசியாகப் பார்த்த கால்சியம், "வலிப்பு வந்தால் கால்சியம் பாருங்கள்" என்ற ஒரு வரி.